எதைச் சார்ந்தது, எதற்கு ஆளாவது? நெருங்கிய பொருளுடைய சில ஆங்கிலப் பெயரடைகள்

ஆங்கிலத்தை ஓரளவு தடையின்றிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் எழுத உட்காரும்போது தடுமாறும் இடங்களில் ஒன்று, ஏதேனும் ஒன்றைச் சார்ந்திருப்பதையோ ஏதேனும் ஒன்றால் எளிதில் தாக்குண்ணக்கூடிய நிலையையோ குறிக்கும் பெயரடைகளின் கூட்டமாகும். 'வல்னரபிள்', 'சஸெப்டிபிள்', 'ப்ரோன்', 'லையபிள்', 'எக்ஸ்போஸ்ட்', 'சப்ஜெக்ட்' ஆகியவற்றை அகராதியில் தேடினால், "எளிதில் உள்ளாகக்கூடிய" என்பதைச் சுற்றியே பெரும்பாலான விளக்கங்கள் அமைந்திருக்கும். 'டிபென்டென்ட்', 'ரிலையன்ட்', 'கன்டின்ஜென்ட்' ஆகியவற்றைத் தேடினால் மூன்றுக்கும் "சார்ந்த" என்ற விடையே கிடைக்கும். இவ்விளக்கங்கள் தவறானவை அல்ல. படிப்பதற்கு அவை போதும்; எந்த இடத்தில் எந்தச் சொல்லை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய எழுத்தாளருக்குத்தான் அவை போதா.

இச்சொற்களைப் பிரித்தறிய ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகினால் போதும்: குறை எங்கே இருக்கிறது? பொருள் இருக்கும் இடத்திலா, அதற்குக் காப்பு இல்லாமையிலா, அதன் உள்ளியல்பிலா, அதன் வழக்கமான போக்கிலா, அல்லது அதன்மேல் செல்லும் ஏதேனும் ஒரு விதியிலா? ஆங்கிலம் இவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறது.

ஆற்றங்கரையில் இரண்டு வீடுகள் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். ஆற்றுக்கும் வீடுகளுக்கும் நடுவே அணையோ மேடோ இல்லை. வெள்ளம் பெருகினால் நீர் நேராக அவற்றின் வாசலுக்கு வந்துவிடும். இந்நிலையில் இரண்டு வீடுகளும் வெள்ளத்துக்கு 'எக்ஸ்போஸ்ட்' ஆனவை. இச்சொல் அவற்றின் வலிமையைப் பற்றி எதையும் கூறவில்லை. அவை நிற்கும் இடத்தை மட்டுமே கூறுகிறது. இப்போது ஒரு வீடு உயரமான கல் தூண்களின் மேல் கட்டப்பட்டது என்றும், மற்றொன்று தாழ்வான மண் சுவர்களைக் கொண்டது என்றும் வைத்துக்கொண்டால், மண் வீட்டை மட்டுமே 'வல்னரபிள்' என்று குறிப்பிட முடியும். தாக்குதல் வந்தால் காயம்படுவது அதுதான். இவ்விரண்டும் நிற்கும் ஆற்றங்கரைப் பகுதி மழைக்காலந்தோறும் நீரில் மூழ்குமானால், அப்பகுதிக்கு 'ஃப்ளட்-ப்ரோன்' என்ற பெயர் பொருந்தும், ஏனெனில் 'ப்ரோன்' என்பது திரும்பத் திரும்ப நிகழும் போக்கைச் சொல்வது. அந்த வீடுகளில் வாழ்பவர்கள் ஆற்றில் மீன் பிடித்துப் பிழைப்பவர்களாயின், அவர்கள் ஆற்றுக்கு 'எக்ஸ்போஸ்ட்' ஆக இருக்கும் அதே வேளையில் ஆற்றின் மீது 'டிபென்டென்ட்' ஆகவும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆபத்தும் வாழ்வாதாரமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன, ஆனால் ஆங்கிலம் அவற்றை ஒரே சொல்லால் குறிப்பதில்லை.

'எக்ஸ்போஸ்ட்', 'வல்னரபிள்' ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு இலக்கணப் பாடத்தோடு முடிந்துவிடுவதன்று. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான ஐபிசிசி, 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையில், ஆபத்து என்பது மூன்றின் கூட்டு விளைவு என்று விளக்கியது: புயல், வெள்ளம், வறட்சி போன்ற தீங்கு நிகழ்வு, மக்களும் உடைமைகளும் அந்நிகழ்வின் பாதையில் இருத்தல், அவ்வாறு இருப்பவற்றின் தாங்கும் திறன் குறைவாக இருத்தல். இவற்றுள் இரண்டாவதுக்கு 'எக்ஸ்போஷர்' என்றும் மூன்றாவதுக்கு 'வல்னரபிலிட்டி' என்றும் பெயர். கடலோரத்தில் இருக்கும் செல்வச் செழிப்பான நகரம் பெரிதும் 'எக்ஸ்போஸ்ட்' ஆக இருக்கலாம்; ஆனால் உறுதியான கட்டடங்களும் முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளும் இருந்தால் அது குறைந்த அளவே 'வல்னரபிள்' ஆக இருக்கும். இரண்டையும் கலந்து எழுதினால், மக்களை இடம் மாற்றுவதா அல்லது இருக்கும் இடத்திலேயே வலுப்படுத்துவதா என்ற முடிவே குழம்பிவிடும். கணினிப் பாதுகாப்புத் துறையிலும் இந்த இணை காணப்படுகிறது. மென்பொருள்களில் கண்டறியப்படும் ஓட்டைகளுக்கு எண்ணிட்டுப் பட்டியலிடும், 1999ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'சிவிஇ' என்ற ஏற்பாட்டின் முழுப்பெயர் 'காமன் வல்னரபிலிட்டீஸ் அண்ட் எக்ஸ்போஷர்ஸ்' என்பதாகும்.

'வல்னரபிள்' என்பதன் வேர் இலத்தீன் மொழியில் காயத்தைக் குறிக்கும் 'வுல்னுஸ்' என்ற சொல். காயப்படக்கூடிய என்பதே அதன் நேர்ப்பொருள், இன்றும் அப்பொருள் அதனுள் உயிரோடு இருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து வரும் ஒரு தாக்குதலும், அதைத் தடுக்க இயலாத ஒரு நிலையும் சேர்ந்தே இச்சொல்லுக்குத் தேவைப்படுகின்றன. இந்தப் பெயரடை தன்னந்தனியாகவும் நிற்க வல்லது. முதியோரையும் குழந்தைகளையும் எதற்கு என்று சொல்லாமலேயே 'வல்னரபிள்' என்று குறிப்பிடுவது வழக்கம். சில துறைகள் இச்சொல்லுக்கு வரையறுத்த பொருளைத் தந்திருக்கின்றன. அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்களை வகைப்படுத்தும் ஐயுசிஎன் செம்பட்டியலில், அச்சுறுத்தலுக்கு உள்ளானவை என்ற பிரிவுக்குள் மூன்று படிகள் உள்ளன; அவற்றுள் கடுமை குறைந்த படியின் பெயர் 'வல்னரபிள்', அதற்கு மேலே 'எண்டேஞ்சர்ட்', அதற்கும் மேலே 'கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்ட்'. 2016ஆம் ஆண்டில் பெரும் பாண்டா 'எண்டேஞ்சர்ட்' நிலையிலிருந்து 'வல்னரபிள்' நிலைக்கு மாற்றப்பட்டது நல்ல செய்தியாக அறிவிக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அன்றாடப் பொருளை மட்டும் அறிந்தவர் அச்செய்தியைப் படித்தால், பாண்டாவுக்குப் புதிய ஆபத்து ஏதோ வந்துவிட்டது என்று நேர்மாறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

இக்கூட்டத்தில் மிகுதியான கவனத்தைக் கோரும் சொல் 'சஸெப்டிபிள்' என்பது என் கருத்து, ஏனெனில் பலர் இதை 'வல்னரபிள்' என்பதன் சற்றே கற்றறிந்த வடிவம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இது ஏற்றுக்கொள்ளும் இயல்பைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. காப்பு இல்லாமையை அன்றி, வருவதை உள்ளே ஏற்றுக்கொள்ளும் தன்மையை இது சுட்டுகிறது. பகைவரின் தாக்குதலுக்கு ஒரு கோட்டை 'வல்னரபிள்' ஆகும். முகத்துதிக்கு மயங்கும் மனிதர் 'சஸெப்டிபிள்' ஆவார், ஏனெனில் முகத்துதி அவரைக் காயப்படுத்துவதில்லை, அவருக்குள் இனிமையாக நுழைந்துவிடுகிறது. நோய்களைப் பற்றி எழுதும்போது இரண்டு சொற்களும் ஒரே பத்தியில் வரலாம் என்பதால், வேறுபாடு அங்கே மிகத் தெளிவாகப் புலப்படும். தட்டம்மை ஒருமுறையும் வராத, தடுப்பூசியும் போட்டுக்கொள்ளாத எவரும், உடல் எவ்வளவு திடமாக இருந்தாலும், அந்நோய்க்கு 'சஸெப்டிபிள்' ஆனவரே. அவரைக் கிருமி பற்றும். அவர்களுள் ஊட்டச்சத்துக் குறைந்த சிறு குழந்தைகள் அந்நோயால் கடுமையாக வாடக்கூடியவர்கள் என்பதால், அவர்களே 'வல்னரபிள்'. முதற்சொல் பற்றுதலைக் கூறுகிறது, இரண்டாவது சொல் பற்றியபின் நேரும் சேதத்தைக் கூறுகிறது.

கெர்மாக், மெக்கென்ட்ரிக் ஆகியோர் 1927ஆம் ஆண்டில் அளித்த கணிதக் கோட்பாட்டிலிருந்து வளர்ந்த, தொற்றுநோயின் பரவலைக் கணக்கிடும் 'எஸ்ஐஆர்' மாதிரியில் வரும் முதல் எழுத்து 'சஸெப்டிபிள்' என்பதையே குறிக்கிறது. இன்னும் நோய் பற்றாத, ஆனால் பற்றக்கூடிய மக்கள் தொகுதி என்பதே அதன் பொருள். இன்னோர் இடத்தில் இச்சொல் நற்செய்தியாகவே வரும். நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட பாக்டீரியாவை ஆய்வகத்தில் சோதித்து, அது ஒரு குறிப்பிட்ட மருந்துக்கு 'சஸெப்டிபிள்' என்று அறிக்கை தந்தால், அம்மருந்து அக்கிருமியை அடக்கும் என்று பொருள். இங்கே பாதிக்கப்படப் போவது கிருமிதான். அறிக்கையில் இச்சொல்லைக் கண்டு அஞ்சும் நோயாளிகளுக்கு இதை யாரேனும் பொறுமையாக எடுத்துச் சொல்வது பேருதவியாகும்.

இதன் பக்கத்தில் வைக்கத்தக்க சொற்கள் சில உள்ளன. பிறப்பிலேயே அல்லது மரபணுவிலேயே முன்கூட்டி அமைந்துவிட்ட சாய்வைக் குறிக்க 'ப்ரீடிஸ்போஸ்ட்' பயன்படுகிறது. 'சென்சிட்டிவ்' என்பது தூண்டலுக்கு எதிர்வினை புரிவதை மட்டும் குறிப்பது. சிறிய வெப்ப மாற்றத்தையும் காட்டும் கருவியை அவ்வாறு அழைத்தால் அது பாராட்டாகும். 'ஓப்பன்' என்ற எளிய சொல்லும் 'டு' என்பதோடு சேர்ந்து இந்தப் பணியைச் செய்கிறது. விமர்சனத்துக்கு இடம் தரும் கருத்தையும், ஆலோசனைகளை வரவேற்கும் மனிதரையும் ஒரே அமைப்பில் சொல்லிவிடலாம் என்பதால், நன்மையா தீமையா என்பதைப் பின்வரும் பெயர்ச்சொல்லே தீர்மானிக்கிறது.

'ப்ரோன்' என்ற சொல்லுக்கு முன்னோக்கிச் சாய்ந்த நிலை என்பது மூலப்பொருள். குப்புறப் படுத்திருக்கும் நிலைக்கும் இதுவே சொல். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்து மூச்சை எளிதாக்கிய முறை பற்றிய செய்திகளில் இச்சொல் அடிக்கடி இடம்பெற்றது. ஒரு பக்கம் சாய்ந்திருப்பது அந்தப் பக்கமே விழும் என்ற எண்ணத்திலிருந்து, வேண்டாத ஒன்றை அடிக்கடி செய்யும் அல்லது அடிக்கடி அதற்கு உள்ளாகும் போக்கு என்ற பொருள் பிறந்தது. வேண்டாத என்ற சொல் இங்கே முக்கியம். அடிக்கடி மறப்பவரையும் அடிக்கடி சினம் கொள்பவரையும் இச்சொல்லால் குறிப்பிடலாம். அடிக்கடி வெற்றி பெறுபவரை இச்சொல்லால் குறிப்பிடுவது ஆங்கிலக் காதுக்கு ஒவ்வாது. மேலும், இப்பொருளில் இச்சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனியாக வருவதில்லை. 'ப்ரோன் பேஷண்ட்' என்று எழுதினால் குப்புறப் படுத்திருக்கும் நோயாளி என்றே படிப்பவர் கொள்வார். முன்னால் வைக்க வேண்டுமானால் 'ஆக்ஸிடென்ட்-ப்ரோன்', 'எரர்-ப்ரோன்' என்பன போல இன்னொரு சொல்லோடு சிறுகோடிட்டு இணைத்துக்கொள்ள வேண்டும்.

'லையபிள்' கட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கடனுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் என்று கூற அதன்பின் 'ஃபார்' வரும். அபராதத்துக்கு உரியவர் என்று கூற 'டு' வரும். வேண்டாத ஒன்று நிகழக்கூடும் என்று கூற 'டு' என்பதன்பின் வினையே வரும்.

'சப்ஜெக்ட் டு' என்பது சற்று வேறான இயல்புடையது. கீழே வைக்கப்பட்ட என்பது இதன் மூலப்பொருள், ஆகவே இங்கே பலவீனம் என்பதைவிட மேலாண்மை என்ற கருத்தே தூக்கலாகத் தெரிகிறது. குடிமக்கள் சட்டத்துக்கு 'சப்ஜெக்ட்' ஆனவர்கள். விலைகள் மாற்றத்துக்கு 'சப்ஜெக்ட்' ஆனவை. ஒரு நியமனம் மேலதிகாரியின் ஒப்புதலுக்கு 'சப்ஜெக்ட்' ஆனது. முதலாவதில் ஆட்சி, இரண்டாவதில் நிகழ வாய்ப்பு, மூன்றாவதில் நிபந்தனை என்று பொருள் நிழல் மாறினாலும், மேலே ஒன்று இருக்கிறது என்ற உணர்வு மூன்றிலும் மாறவில்லை. பெயரடையாக வரும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். வினையாக வரும்போது இரண்டாம் அசையில் விழும். அவ்வினையிலிருந்து பிறந்த 'சப்ஜெக்டட் டு' என்ற வடிவம் ஒருவரை வலிந்து ஒன்றுக்கு உட்படுத்துவதைக் குறிப்பதால், சட்டத்துக்கு உட்பட்ட குடிமக்களைப் பற்றி எழுதும்போது அதைப் பயன்படுத்தினால், சட்டம் அவர்களைக் கொடுமைப்படுத்துவது போன்ற தொனி வந்துவிடும்.

இனிச் சார்புச் சொற்களுக்கு வருவோம். 'டிபென்டென்ட்' என்பதன் வேர் ஒன்றிலிருந்து தொங்குவதைக் குறிக்கிறது. மேலே உள்ளது அற்றுப்போனால் கீழே உள்ளது விழுந்துவிடும் என்ற அளவுக்கு வலிய சார்பு இது. 'ரிலையன்ட்' அவ்வளவு இறுக்கமானதன்று. ஒன்றை நம்பிப் பயன்படுத்தி வருவதை அது குறிக்கிறது, நம்புவதற்கு ஒரு மனமோ, மனங்களால் ஆன நிறுவனமோ, நாடோ பெரும்பாலும் அதன் பின்னால் இருக்கும். 'கன்டின்ஜென்ட்' நிகழ்ச்சிகளுக்கும் ஏற்பாடுகளுக்கும் மட்டுமே உரியது. ஓர் ஒப்பந்தம் வங்கிக் கடன் கிடைப்பதைப் பொறுத்திருந்தால் அந்த ஒப்பந்தம் 'கன்டின்ஜென்ட்' ஆகும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளையை அவ்வாறு ஒருபோதும் சொல்ல இயலாது.

இவ்விடத்தில் ஒலி ஒற்றுமையால் நேரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ரிலையன்ட்', 'ரிலையபிள்' ஆகிய இரண்டும் ஒரே வினையிலிருந்து பிறந்தவை, ஆனால் எதிரெதிர்த் திசையில் பார்ப்பவை. நம்பியிருப்பவர் 'ரிலையன்ட்', நம்பத் தகுந்தவர் 'ரிலையபிள்'. அவ்வாறே சார்ந்திருப்பவர் 'டிபென்டென்ட்', சார்ந்திருக்கத் தகுந்தவர் 'டிபென்டபிள்'. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம்மைப் பற்றி எழுதும்போது இவற்றை மாற்றி எழுதிவிட்டால், சொல்ல நினைத்த பெருமை குறையாக மாறிவிடும். எழுத்துக்கூட்டல் பற்றியும் ஒன்று: பிரித்தானிய ஆங்கிலத்தில் பெயரடையின் இறுதி அசை 'ஈ' எழுத்தாலும், பிறரைச் சார்ந்து வாழும் குடும்ப உறுப்பினரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லின் இறுதி அசை பெரும்பாலும் 'ஏ' எழுத்தாலும் எழுதப்படுகின்றன; அமெரிக்க ஆங்கிலம் இரண்டையும் 'ஈ' கொண்டே எழுதுகிறது.

'அடிக்டட்' என்பதைச் சார்பின் மிகக் கடுமையான வடிவம் என்று மட்டும் கொள்வது சரியன்று. வலியைக் குறைக்கும் சில வகை மருந்துகளை நெடுநாள் உட்கொண்டவரின் உடல், அவற்றைத் திடீரென நிறுத்தினால் துன்புறும் அளவுக்கு அவற்றோடு பழகிவிடுகிறது. அவரை அம்மருந்தின் மீது உடலளவில் 'டிபென்டென்ட்' என்பார்கள். தீங்கு என்று அறிந்தும் அடக்க முடியாமல் தேடிச் செல்லும் நிலையே 'அடிக்டட்'. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில், 'சப்ஸ்டன்ஸ் டிபென்டென்ஸ்' என்ற நோய்ப்பெயரைக் கைவிட்டு 'சப்ஸ்டன்ஸ் யூஸ் டிஸார்டர்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. மருத்துவர் சொற்படி மருந்து உண்டவர்மீது அடிமை என்ற பழி விழக்கூடாது என்ற அக்கறையும் அம்மாற்றத்தின் பின்னணியில் இருந்தது. நோயாளியைப் பற்றி எழுதுபவர்கள் இவ்வேறுபாட்டை விட்டுவிடலாகாது.

இனி, இப்பெயரடைகளின்பின் எந்த முன்னிடைச்சொல் வரும் என்பது கற்போர் அனைவரும் மனப்பாடம் செய்து மறக்கும் பகுதி. தமிழறிந்தவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு, அது வகுப்பறைகளில் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்றே நினைக்கிறேன். தமிழில் நாம் எதை என்று கேட்கும் இடத்தில் ஆங்கிலம் பெரும்பாலும் 'ஆன்' என்கிறது. எதற்கு என்று கேட்கும் இடத்தில் 'டு' என்கிறது. ஒன்றைச் சார்ந்த, ஒன்றை நம்பிய, ஒன்றைப் பொறுத்த என்று இரண்டாம் வேற்றுமை வரும் சொற்களுக்கு ஈடான 'டிபென்டென்ட்', 'ரிலையன்ட்', 'கன்டின்ஜென்ட்' ஆகிய மூன்றும் 'ஆன்' பெறுகின்றன. தாக்குதலுக்கு இலக்கான, நோய்க்கு ஆளாகும், விபத்துக்கு உள்ளாகும், சட்டத்துக்கு உட்பட்ட, மதுவுக்கு அடிமையான, ஒருவருக்குக் கடமைப்பட்ட என்று நான்காம் வேற்றுமை வரும் சொற்களுக்கு ஈடான 'வல்னரபிள்', 'சஸெப்டிபிள்', 'ப்ரோன்', 'சப்ஜெக்ட்', 'அடிக்டட்', 'பிஹோல்டன்' ஆகியவை 'டு' பெறுகின்றன. இது முற்ற முழுக்கப் பொருந்தும் விதியன்று. பேச்சு வழக்கில் அடிமையாவதைக் குறிக்கும் 'ஹூக்ட்' என்ற சொல் 'ஆன்' பெறுவதும், நிரூபணத்துக்கு இடம் தரும் என்ற பழைய நடைப் பொருளில் 'சஸெப்டிபிள்' என்பதன்பின் 'ஆஃப்' வருவதும் விலக்குகள். ஆயினும் ஐயம் எழும்போது தமிழ் வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துப் பார்த்து, அங்கே ஐ உருபு வருகிறதா கு உருபு வருகிறதா என்று கவனித்தால், பெரும்பாலான இடங்களில் சரியான விடை கிடைத்துவிடும்.

'டு' வந்தபின் என்ன வரும் என்பது அடுத்த சிக்கல். 'வல்னரபிள்', 'சஸெப்டிபிள்', 'சப்ஜெக்ட்', 'அடிக்டட்' ஆகியவற்றின்பின் வரும் 'டு' முன்னிடைச்சொல் ஆதலால், அதன்பின் பெயர்ச்சொல்லோ, 'இங்' விகுதி பெற்ற தொழிற்பெயரோதான் வர வேண்டும். புகைபிடித்தலுக்கு அடிமையானவரை 'அடிக்டட் டு ஸ்மோக்கிங்' என்று எழுதுவதே முறை. 'ப்ரோன்' இரண்டையும் ஏற்கும், 'ப்ரோன் டு ஃபர்கெட்' என்பதும் 'ப்ரோன் டு ஃபர்கெட்டிங்' என்பதும் வழக்கில் உள்ளன. அளவைக் குறிக்கும் அடைகளிலும் பழக்கத்தின் ஆட்சி உண்டு. 'ஹெவிலி' என்பது 'டிபென்டென்ட்', 'ரிலையன்ட்' ஆகியவற்றோடு இயல்பாகச் சேரும், 'வல்னரபிள்' என்பதோடு சேராது. 'ஹைலி' என்பது 'வல்னரபிள்', 'சஸெப்டிபிள்', 'டிபென்டென்ட்' ஆகிய மூன்றோடும் சேரும். ஐயமுள்ளவர்கள் அதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

எதிர்ச்சொற்களில் மேலே சொன்ன வேற்றுமை வழி ஓரிடத்தில் கைகொடுக்கிறது, ஓரிடத்தில் கைவிடுகிறது. நோய்க்கு ஆட்படாத உடலைக் குறிக்கும்போது 'இம்யூன்' என்பதன்பின் 'டு' வரும். வழக்கு விசாரணையிலிருந்து சட்டப்படி விலக்கு பெற்றவரைக் குறிக்கும்போது அதே சொல்லின்பின் 'ஃப்ரம்' வரும், தமிழிலும் அங்கே இருந்து என்பதே வருகிறது. ஆனால் 'டிபென்டென்ட்' என்பதன் எதிர்ச்சொல்லான 'இண்டிபென்டென்ட்' மட்டும் 'ஆன்' என்பதைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளாமல் 'ஆஃப்' என்பதற்கு மாறிவிடுகிறது. தமிழில் ஒன்றைச் சார்ந்த, ஒன்றைச் சாராத என்று இரண்டிலும் ஐ உருபே நிற்பதால், இந்த மாற்றத்தை நம் மொழி முன்கூட்டி உணர்த்தாது. இதை மட்டும் தனியாக நினைவில் இருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.